எபிரெயர் நிருபத்தை எழுதியவர்

எங்கள் சபைகளின் பெண்கள் ஐக்கியம் வருடா வருடம் நடத்துகிற வேதாகம வினாடி வினாவில் சண்டை வருவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. யார் முதலில் கையைத் தூக்கினார்கள் என்பது ஒன்று. பின்னால் இருந்து யாராவது விடை சொல்லிக் கொடுத்தார்களா என்பது இரண்டு. எந்த மொழிபெயர்ப்பு என்பது மூன்று. மூன்றாவதைப் பெரியவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: பழைய மொழிபெயர்ப்பு மட்டும். அம்மாவுக்கு அதில் முழுச் சம்மதம். புதியதில் ஆண்டவர் கணக்கப்பிள்ளை மாதிரி பேசுகிறாராம்.

முதலாவதைத் தீர்க்கிற வேலை இந்த வருடம் என்னிடம் வந்தது. நான் மின்னணுவியல் படித்து, பதுளையில் ஆய்வுக்கூடக் கருவிகள் பழுதுபார்க்கிறேன். நான்கு அணிகளுக்கும் தலா ஒரு பொத்தான், ஒரு விளக்கு. முதலில் அழுத்துகிறவரின் விளக்கு மட்டும் எரியும். மற்றதெல்லாம் அந்தக் கணமே செயலற்றுப் போகும். வேண்டுமென்றே ஒரே நேரத்தில் அழுத்தியும், ஈரக் கையால் அழுத்தியும், தூக்கிப் போட்டும் பார்த்துவிட்டேன். எந்தக் குறையும் இல்லை. கருவியில் என்றுதான் சொல்கிறேன்.

அம்மா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சபை அணியின் தலைவி. அவருடைய தங்கை, அதாவது என் சித்தி, பண்டாரவளை அணியின் தலைவி. ஜெயித்த அணியின் தலைவி வீட்டில்தான் பித்தளைக் கேடயம் ஒரு வருடம் இருக்கும். அது பல வருடங்களாகச் சித்தி வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. நாங்கள் போனால், "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சித்தி முதலில் அதைத்தான் துடைப்பார். தண்ணீர் அப்புறம்தான்.

"இந்த வருசமும் அவதான் தூக்கிட்டுப் போனா, நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லியிருந்தார். தை மாதம் சித்தி மகளின் கல்யாணம். சும்மா சொன்னதாக இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். "உங்கம்மா சும்மா சொல்லி நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

போட்டி பதுளைச் சபையில் நடந்தது. அந்தச் சபையின் பாஸ்டர் கேள்வி கேட்டார். நடுவர் மேசையில் இரண்டு பேர்: அம்மாவுக்கும் சித்திக்கும் சிறு வயதில் ஞாயிறு பாடசாலை நடத்திய ஓய்வுபெற்ற பாஸ்டர், இறையியல் படித்து அண்மையில் வந்த இளம் பாஸ்டர். கடைசிச் சுற்று, 'எழுதியவர் யார்?' மூன்றே கேள்விகள். பண்டாரவளை ஒரு கேள்வி முன்னால் இருந்தது.

"எபிரெயருக்கு எழுதின நிருபத்தை…" என்று பாஸ்டர் ஆரம்பித்ததுமே அம்மாவின் விளக்கு எரிந்தது.

"சொல்லுங்கம்மா."

அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பரிசுத்த ஆவியானவர்."

பாஸ்டர் தன் தாளைப் பார்த்தார். அதில் பவுல் என்று இருந்தது. "அது சரிதாம்மா. ஆனா யார் மூலமா எழுதினாரு?"

"மூலமான்னு நீங்க கேக்கலிங்களே ஐயா. எழுதினது யாருன்னுதானே கேட்டீங்க?"

முன்வரிசையில் இருந்த மூப்பர் ஒருவர் நிதானமாக, "ஆமென்" என்றார். பின்வரிசைகளும் ஆமென் என்றன. ஆமென் சொல்லப்பட்ட விடைக்கு எங்கள் சபைகளில் யாராலும் சுழியம் போட முடியாது. அணிகள் சமமாயின.

நான் ஒரு கருவியை எல்லா விதத்திலும் கெடுத்துப் பார்ப்பேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற விடை ஒன்று இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"ஐந்து ஆகமங்களையும்…" என்று பாஸ்டர் தொடங்கினார். இப்போது எல்லோருக்கும் விடை தெரியும், வேகம்தான் கணக்கு. சித்தி இரண்டு கையையும் பொத்தான்மேல் வைத்திருந்தார். ஆனால் அவர் கொழுந்து பறித்தது தன் கல்யாணத்துக்கு முன்னால். அம்மா அந்த வாரம் வரைக்கும் பறிக்க மலைக்குப் போனவர். விளக்கு அம்மாவுடையதுதான் எரிந்தது. "ஆவியானவர்" என்றார் அம்மா. மூப்பர் மறுபடி ஆமென் சொன்னார்.

"பெட்டிய செஞ்சது யாரு? அவ மகதானே?" என்று சித்தி சத்தமாகவே கேட்டார்.

நான் வயர்களைத் தூக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "இனி மனுசர்ல யாருன்னு சொல்லணும். மோசேயுடைய மரணத்தைச் சொல்லுற உபாகமம் கடைசி அதிகாரத்தை எழுதின மனுசர் யாரு?"

இந்த முறை சித்தியின் விளக்கு எரிந்தது. "யோசுவா" என்றார். தாளிலும் அதுதான்.

"அது மோசேயோட புஸ்தகம். அவருதான் எழுதினாரு" என்றார் அம்மா.

"செத்துப்போனவரு எப்பிடிக்கா எழுதுவாரு?"

"நடக்கப் போறத ஆவியானவர் முன்னுக்கே சொல்லியிருப்பாருடி."

நடுவர் மேசையில் ஓய்வுபெற்ற பாஸ்டர் எழுந்து, மோசேதான் என்று தானே இந்த இரண்டு பேருக்கும் படிப்பித்ததாகச் சொன்னார். கேள்வி கேட்ட பாஸ்டர் தாளைக் காட்டினார். இளம் பாஸ்டர், எஸ்றாவாகவும் இருக்கலாம் என்று சிலர் சொல்வதாக மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான், சபை முழுக்க அவரை ஒரு மாதிரி பார்த்தது. இறையியல் கல்லூரிக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மூன்று பேரும் உள் அறைக்குப் போனார்கள். எங்களுக்குப் பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் கொடுத்தார்கள். திரும்பி வந்து, அந்தக் கேள்வி ரத்து, ஒரு கேள்வி முன்னால் இருக்கிற அம்மாவின் அணிக்கே கேடயம் என்றார்கள்.

"தாள்ல உள்ளதச் சொன்னதுக்கே மார்க் இல்லியா?" என்றார் சித்தி. கேடயத்தை அம்மாவின் கையில் வைக்கும்போது, "புளி போட்டுத் தேய்ங்க. இல்லாட்டி கறுத்துரும்" என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

பஸ் பசறையைத் தாண்டியதும், "ஒன்னு சொல்றேன், உங்கப்பாகிட்டகூட சொல்லாத" என்றார் அம்மா. "எபிரெயர் யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியாது. கேள்வி முடியுறதுக்குள்ள கை அமுக்கிருச்சு. அப்புறம் ஒன்னும் வரல. அவரச் சொன்னா யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்கன்னுதான் சொன்னேன்."

போட்டி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது இளம் பாஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன். அந்த நிருபத்தில் எழுதியவர் பெயரே இல்லை. பவுல் என்று நம்முடைய பெரியவர்கள் நம்புகிறார்கள். ஆனால் ஆதிச் சபைக் காலத்திலேயே அதைப் பற்றி வாதாடி, கடைசியில் தேவனுக்குத்தான் தெரியும் என்று விட்டவர்களும் உண்டு.

அம்மா மடியில் இருந்த கேடயத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்தார்.

"அப்ப தெரியாதவங்க நான் மட்டும் இல்ல."

"இல்லம்மா."

"சரி, சித்திக்குப் போன் போடு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னுக்கே வந்துர்றோம்னு சொல்லு. பலகாரம் சுட ஆள் வேணும்ல அவளுக்கு."