சக்கரத்தின் மேல் பூசிய வெள்ளி

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். கந்தர்வக்கோட்டையில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளே, அப்போது நடந்ததை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

ஊரில் பெரிய மனிதர் ஒருவர் தம் மகன் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தார். என் காரின் சக்கர மூடிகள் எப்போதோ தொலைந்துவிட்டன. துரு அப்படியே தெரியும்.

"என்னய்யா இது, சக்கரம் பூரா துருவேறிக் கெடக்கு? எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு இதுலயா ஏறுறது? பளபளன்னு ஆக்கு. இல்லாட்டி திருச்சி வண்டி வந்துரும்" என்றார்.

அந்தத் தை மாதம் அவர் உறவினர் வீடுகளில் இன்னும் நாலு கல்யாணம் இருந்தது. அத்தனைக்கும் வண்டி சொல்பவர் அவர்தான். விடுவேனா? வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுச் சக்கரங்களைக் கழற்றினேன். உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, வெள்ளிப் பெயிண்டை இரண்டு தடவை பூசினேன்.

"என்னையக் கட்டுனப்ப ஒங்களுக்கு இம்புட்டுச் சிங்காரம் தோணலையே" என்றாள் என் மனைவி. தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் பிசுபிசுங்குதுங்க, காயட்டுமே" என்றும் சொன்னாள்.

விடிந்தால் கல்யாணம். ஓடுகிற ஓட்டத்தில் காய்ந்துவிடும் என்று மாட்டிவிட்டேன். நட்டு இரும்போடு இரும்பாக இறுகி உட்கார வேண்டிய இடத்திலும் பெயிண்டைத் தடிமனாக அப்பியிருந்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

குன்றாண்டார்கோவிலில் கல்யாணம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். முன்னால் மாப்பிள்ளையின் தகப்பனார், அதுதான் அந்தப் பெரிய மனிதர். ஊர் எல்லை அய்யனாருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் புதுப்பெண் உள்ளே வரலாம் என்பது அவர்கள் வழக்கம். எல்லோரும் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முந்திரித் தோப்பில் சுள்ளி பொறுக்கிய ஒரு பெண் தலையில் கட்டோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நிறுத்துங்கய்யா! சக்கரம் ஆடுது!"

"நிறுத்தாதே, ஓட்டு. கல்யாண வண்டின்னா மறிச்சுக் காசு கேக்கிறதே இவளுகளுக்குப் பொழப்பு" என்றார் அவர்.

என் கையில் ஸ்டியரிங் நடுங்கியது. நிறுத்தி இறங்கினேன். பின் சக்கரத்தில் ஐந்து நட்டுக்கு இரண்டுதான் இருந்தன, அவையும் விரலால் சுற்ற வந்தன. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஏரிக்கரை வளைவு. அங்கே சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவள் சுமையை இறக்கிவிட்டு, வழியில் பொறுக்கிய நட்டு ஒன்றை நீட்டினாள். அந்த மனிதர் நன்றியா சொன்னார்?

"இது எப்படி ஒன் கைக்கு வந்துச்சு? நாங்க சாமி கும்பிடப் போன நேரத்துல நீதானடி கழட்டினே?"

"இதைக் கழட்ட எங்கிட்ட என்னய்யா சாமான் இருக்கு? சுள்ளி ஒடிக்கிற கைதான் இருக்கு" என்றவள், என்னைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

நட்டை வாங்கிப் பார்த்தேன். அதன் வாயில் என் வெள்ளிப் பெயிண்ட் தோலாக உரிந்து ஒட்டியிருந்தது. பெயிண்ட் உரிந்ததில் நட்டு தளர்ந்து தானாகக் கழன்றிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்த நாலு கல்யாணமும் கண்முன் வந்து நின்றன. ஸ்பேனரை எடுத்துக் குனிந்துகொண்டேன்.

அவள் தந்த நட்டோடு, வேறு இரண்டு சக்கரங்களிலிருந்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றி இதில் போட்டு, எல்லாவற்றையும் இறுக்கி முடிக்கும்வரை அவர் ஏசிக்கொண்டே இருந்தார். அவள் கீழே கிடந்த கட்டைத் தூக்க முயன்றாள், தனியாக முடியவில்லை. மாலையும் கழுத்துமாகப் புதுப்பெண் இறங்கி வந்து அதை அவள் தலையில் ஏற்றிவிட்டாள். கல்யாணமாகி ஒரு நாள்கூட ஆகாத பெண், மாமனார் முறைக்க முறைக்க!

அப்புறம்தான் எனக்கு ரோஷம் வந்தது. "அய்யா, அந்தப் பொண்ணு கழட்டலை. நான் பெயிண்ட் அடிச்ச லட்சணம்தான் இது" என்றேன்.

"எவன் தப்பா இருந்தா என்ன? நல்ல நேரம் போகுது, வண்டிய எடு" என்றார். ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. அவளோ அதற்கு முன்பே தோப்புக்குள் போய் மறைந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் பெயிண்ட் அடித்தால் நட்டு உட்காரும் இடத்தைச் சுரண்டி வெறும் இரும்பாக விட்டுவிடுகிறேன். சுரண்டும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் கோபம் வருகிறது, அதைவிட அதிகமாக என் மேல் வருகிறது. நான் சொன்ன உண்மை அவள் எதிரே நின்றபோது சொல்ல வேண்டியது, பிள்ளைகளே, அவள் போன பிறகு அல்ல.