மாமன் வீட்டுக் கட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் நெல்லித்தோப்பில் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், சாவு, மாதா கோயில் திருநாள், எல்லாவற்றுக்கும் போவோம். சீருடை கிடையாது; அவரவர் வேட்டி சட்டைதான். எங்கள் மாஸ்டருக்கு அது பெரிய குறை. ஒரு தடவை மதராஸுக்குப் போனவர், பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லி ஒரு மூட்டையோடு திரும்பினார்.

பிரித்தால் உள்ளே எல்லாம் பாவாடைகள்! கனத்த கம்பளித் துணி. முட்டி வரைதான் நீளம். ஒரு பக்கம் மட்டும் நெருக்கமான மடிப்பு. கரும்பச்சையும் கருநீலமும் கட்டம் கட்டமாக ஓட, பச்சையின் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு நெடுக்கிலும் குறுக்கிலும் போயிற்று. மஞ்சளும் மஞ்சளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொட்டு வைத்ததுபோல ஒரு சின்னச் சதுரம். துணி என்னவோ அழகுதான்.

பெரிய மேளக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார்.

"இன்னா மாஸ்டர், பொம்பளப் பாவாடைய வாங்கியாந்துக்கிறீங்க?"

"யோவ், இது ஸ்காட்லாந்து பட்டாளத்து சொல்தாங்க கட்டறது. சண்டையிலயே இதக் கட்டிக்கினு நிக்கறான். நீ வீட்ல கைலிய மடிச்சிக் கட்டறியே, அதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

மேளக்காரர் தூக்கிப் போட்டதைத் திரும்ப எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

கோடையில் வந்த திருநாளுக்கு அதைக் கட்டிக்கொண்டு போனோம். கொசுவம் என்றால் முன்னால்தானே வரவேண்டும், அப்படியே கட்டியிருந்தோம். கம்பளி அரித்த அரிப்பில் சுருதி கொஞ்சம் ஏறித்தான் போனது. ஆனால் தெருவே எங்களைத்தான் பார்த்தது. தேரைப் பார்க்க ஆளில்லை.

கூட்டத்தில், ஆலையில் எந்திரம் பூட்ட வந்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், மாசமாயிருந்த மனைவியோடு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாட்டு முடிந்ததும் நேரே மாஸ்டரிடம் வந்து, அவர் இடுப்பைப் பிடித்து, மடிப்பு பின்பக்கம் வருகிறாற்போல் பாவாடையைத் திருப்பிவிட்டார். பிறகு அந்த மஞ்சள் கோட்டைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

மாஸ்டருக்கு அரைகுறை இங்கிலீஷ் வரும். எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவங்க ஊர்ல ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு கட்டமாம்யா. எந்தக் கலரு எவ்ளோ அகலம், எதுக்குப் பக்கத்துல எதுன்னு முறை இருக்குதாம். இந்த மஞ்சக் கோடு போட்டது இவரு அம்மா வீட்டுதாம்."

"அம்மா பொறந்த வீடா?" என்றார் மேளக்காரர். "அப்ப நாம எல்லாம் இவருக்கு மாமனுங்க!"

மாஸ்டர் அதைத் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தார். அந்த மனிதர் கைகூப்பிவிட்டு, எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி "அங்கிள், அங்கிள்" என்றார்.

மழைக்காலத்தில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. கேள்விப்பட்டதும் மேளக்காரர்தான் ஆரம்பித்தார்: "மாமன் வீட்லருந்து சீர் போவாம இருக்கலாமா?"

போனோம். பழம், கற்கண்டு, தொட்டில் துணி, சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசு, எல்லாம் தட்டில். அத்தனை பேரும் கட்டம் போட்ட பாவாடை, மடிப்பு பின்னால். வாசலில் வாசிக்க ஆரம்பித்ததும் மேளச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. நான் மட்டும் மெதுவாக ஒரு தாலாட்டு வாசிக்க, அழுகை நின்றது. அந்த அம்மாள் கொலுசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஸ்காட்லாந்துக்காரருக்குத் தானும் அதைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும் என்று ஆசை. ஆனால் இந்த வெயில் ஊருக்கு எதற்கு என்று அவருடைய பாவாடையை ஊரிலேயே விட்டு வந்திருந்தார். மேளக்காரர் யோசிக்கவே இல்லை. "மருமவனுக்கு இல்லாததா?" என்று உள்ளே அழைத்துப் போனார். வெளியே வந்தபோது ஸ்காட்லாந்துக்காரர் பாவாடையில், மேளக்காரர் அவருடைய வெள்ளைக் கால்சட்டையில்.

மருமகன் ஆடிய ஆட்டத்தில் தாழ்வாரம் அதிர்ந்தது. அதன்பிறகு அதைக் கழற்றித் தர அவருக்கு மனசே வரவில்லை. எங்களுக்கும் கேட்க மனசில்லை. மேளக்காரர் அந்தக் கால்சட்டையோடேயே வீடு திரும்பினார். இடுப்பில் பொத்தான் சேரவில்லைதான். மேளத்தை முன்னால் மாட்டியிருந்ததால் வழியில் யாருக்கும் தெரியவில்லை.