பெனிட்டா மிஸ் எனக்குக் கொடுத்த பத்து நிமிடம்

எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று விஷயங்கள் மட்டுமே வரலாம் என்பது பெனிட்டா மிஸ் போட்ட சட்டம். எத்தனை மணிக்குப் பயிற்சி, எந்த மைதானம், மழை பெய்தால் உண்டா இல்லையா. பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதக்கூடாது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாலை பஜாரில் என் அரிசிக் கடைக்கு லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குழுவில் நான்காவதாக ஒரு விஷயம் வந்தது. மிஸ் போய்விட்டார். மூளையில் இரத்தக்கசிவு. வயது நாற்பத்தொன்று.

என் மகள் நிவேதா பள்ளியில் இருந்தாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது, மிஸ்ஸிடம் கேட்டால் தெரியும் என்று ஒரு கணம் நினைத்து அவருடைய எண்ணைத் தேடிவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

மிஸ் பாறசாலைப் பக்கத்துக்காரர். ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. சனி, ஞாயிறு காலைகளில் நம் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். என்னை 'அண்ணாச்சி' என்பார். அந்த அண்ணாச்சியை அவர் வித்துரா மைதானத்தில் என்ன செய்தார் என்பதை, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். இருந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்டவன் நான்.

நட்பு ஆட்டம்தான். ஆனால் எனக்கு எந்த ஆட்டமும் நட்பு ஆட்டம் அல்ல. இரண்டாம் பாதி, ஒன்றுக்கு ஒன்று சமம். நான் எல்லைக்கோட்டை ஒட்டி நிவேதாவுடன் கூடவே ஓடிக்கொண்டிருந்தேன். “நிவி, ஏறிப் போ. ஓடு, ஓடு. அடி.” எதிர்ப்பக்கத்திலிருந்து மிஸ், “பின்னால குடு மோளே” என்றார். நிவி பந்தோடு நின்றாள். என்னைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி வந்து, வழியில் கிடந்த பொருளை எடுப்பதுபோலப் பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மிஸ் மைதானத்தைச் சுற்றி நடந்து என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன்.

“அண்ணாச்சி, இனி பத்து நிமிஷம் டீமை நீங்க பாத்துக்கிடுங்க.”

“என்ன மிஸ், கோவமா?”

“கோவமொண்ணும் இல்ல. ஒரு டீமுக்கு ஒரு கோச் மதி, ரெண்டு பேரு வேண்டாம். நான் இங்க நிக்கேன், நீங்க அங்க போங்க.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரோ நான் நின்ற இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

பெஞ்சில் மாற்று ஆட்டக்காரிகள் மூன்று பேர். ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாக வாராவாரம் பார்க்கிற பிள்ளைகள். “ஏ நாலாம் நம்பர், பின்னால போ” என்று கத்தினேன். நாலாம் நம்பர் திரும்பவே இல்லை. “அவ பேரு பாத்திமா, அங்கிள்” என்றாள் பெஞ்சிலிருந்த சின்னப் பெண். அப்போதுதான் நிவியைப் பார்த்தேன். கோட்டருகே நின்றபோது எனக்குப் பந்து மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இங்கிருந்து பார்த்தால், என் மகள் விலாவைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

நிவியை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினேன். பேர் சொன்ன அந்தச் சின்னப் பெண், தேவிகா, உள்ளே போனாள். நிவி வந்து துண்டால் தலையை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. தேவிகா தொட்ட முதல் பந்து. இடது காலால் ஓங்கி அடித்தாள். கம்பத்தில் பட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பி வந்த பந்துக்கு நாலு பேர் பாய, நடுவே நுழைந்து பாத்திமா தள்ளிவிட்டாள். கோல். பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்காமல் ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். எங்கள் பக்கத்தில் குதிக்காத ஒரே ஆள் நிவி.

பத்து நிமிடம் முடிந்து மிஸ் வந்தார். “மாத்துனது சரிதான் அண்ணாச்சி, நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். எதுக்கு மாத்துனோம்னு அவகிட்ட சொன்னியளா?”

“இல்ல மிஸ்.”

“சொல்லாம வெளிய எடுத்தா, நம்மளக் கொண்டு ஆகல, நாம மோசம்னு பிள்ளை நெனைக்கும். போய்ச் சொல்லுங்க.”

நிவியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “நீ மோசமா ஆடல. ரொம்ப மூச்சு வாங்குச்சு, அதான்” என்றேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஓடு ஓடுன்னு சொன்னது நீங்கதானே அப்பா?”

அதற்குப் பிறகு நான் எந்த ஆட்டத்திலும் கோட்டருகே கத்தியதில்லை. கைதட்டியிருக்கிறேன், அதுவும் சில சமயம் கொஞ்சம் அதிகமாக.

மிஸ் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கே அது பிடிக்காது. ஓர் ஆட்டத்தில் கோல் காக்கும் ஆஷ்னாவைப் பார்த்து, “நீ என்ன, உறங்குதியா?” என்று கத்திவிட்டார். ஆஷ்னா இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் அவளுடைய அம்மா ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார். மிஸ் ஜெர்சியை வாங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும், கூடவே எங்களையும் வட்டமாக நிற்க வைத்தார்.

“எல்லாருக்க முன்னாலயும் வச்சுத்தான் சத்தம் போட்டேன். அப்ப மன்னிப்பும் எல்லாருக்க முன்னாலயும் கேக்கணும், அல்லே? ஆஷ்னா, நான் அப்படிச் சொன்னது தப்பு.”

ஆஷ்னா தன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு எங்களை. “சாரமில்ல மிஸ், போட்டும்” என்று சொல்லிவிட்டு, அம்மா கையிலிருந்த ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு நேராகக் கோலுக்குப் போய் நின்றாள். ஒரு பெரிய ஆள் குழந்தையிடம் அப்படி மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மிஸ் இல்லாத முதல் ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஜெயித்தோம். வெற்றி கோல் நிவியுடையது. வலது ஓரத்தில் இரண்டு பேரைத் தாண்டி உள்ளே வந்து, மூலைக்கு அடித்தாள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

பெற்றோர் கூட்டங்களில் மிஸ் ஒன்று சொல்வார்: “வீட்டுக்குப் போற வழியில பிள்ளை வாயைத் தெறக்கட்டும். அது வரைக்கும் நீங்க தெறக்காதீங்க.” அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். அன்றும் ஸ்கூட்டர் தம்பானூரைத் தாண்டும்வரை பேசாமல் ஓட்டினேன். தொண்டை வரை வந்துவிட்ட சந்தோஷத்தை அடக்குவது கடினமாகத்தான் இருந்தது. சிக்னலில் நின்றதும் பின்னாலிருந்து நிவி என் தோளைத் தட்டினாள்.

“அப்பா, அந்த கோல் எப்படி அடிச்சேன் தெரியுமா?”

“எப்படி?” என்று கேட்டேன்.