பொட்டு வைத்த மெசின்

தியாகலிங்கம் மோதிர விரலைச் சந்தனக் கிண்ணத்தில் தோய்த்து, காலால் மிதிக்கும் பழைய தையல் மெசினின் கறுத்த கழுத்தில் ஒரு பொட்டு வைக்கிறார். தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். பொட்டு நடுவில் நின்றால்தான் அடுத்த மெசினுக்குப் போவார்.

குடியேறியவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், படியிறங்கிப் போகும் கடை. கழித்துவிட்ட மெசின்களை வாங்கி, துருச் சுரண்டி, எண்ணெய் விட்டு வைக்கிறார். கமரூன்காரியான மதாம் க்ளாரிஸ் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு கொண்டெயினர் நிரப்பி ஆபிரிக்காவிலுள்ள தன் ஊருக்கு அனுப்புவார். இவருக்கு வாடிக்கை அவர் ஒருவர்தான்.

"அங்க கரண்ட் வரும், போகும். கால் எங்க போறது?" என்பது தியாகலிங்கத்தின் வியாபாரத் தத்துவம். இதைவிட மோசமான தத்துவங்கள் தடித்த அட்டைப் புத்தகங்களாக வந்திருக்கின்றன.

பொட்டு ஒரு மறதியில் தொடங்கியது. ஒருமுறை சரஸ்வதி பூசைக்கு வைத்ததை யாரும் துடைக்கவில்லை. மெசின்கள் அப்படியே கப்பலேறின. மறு வருடம், மஞ்சள் புள்ளி உள்ளதுதான் வேண்டும் என்று கமரூன் துறைமுகமான டுவாலாவின் தையற்காரர்கள் கேட்டார்கள். மெசின் நன்றாக ஓடியது எண்ணெயால். பெயர் பொட்டுக்குப் போய்விட்டது. அவர் அதைத் திருத்தப் போகவில்லை.

பேப்பரில் ஆபிரிக்கா என்று கண்டால் உரத்து வாசிப்பார்.

"சீனா றோட்டுப் போடுதாம். இந்தியா கடன் குடுக்குதாம். பிரான்ஸ் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்குதாம். பெரிய ஆக்கள் எல்லாம் எங்கட ஏரியாவுக்கை வந்திட்டினம், புஷ்பம்!"

"உங்கட ஏரியாவோ? முதல்ல பக்கத்துக் கடையைப் போய்ப் பாருங்கோ," என்றார் மனைவி புஷ்பவதி.

பக்கத்துக் கடை மிஸ்டர் லியூவுடையது. சீனாவிலிருந்து வந்த புது மெசின்கள், மலிவு விலை. இந்த வருடம் இரண்டு கடையையும் பார்த்துத்தான் வாங்குவேன் என்று மதாம் க்ளாரிஸ் சொல்லியிருந்தார். கொண்டெயினரில் இடம் போனால் தியாகலிங்கம் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

போய்ப் பார்த்தார். லியூவின் மெசின் ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் பெயின்ற்றில் ஒரு புள்ளி.

"அடப் பாவி! பொட்டையுமெல்லோ கொப்பியடிச்சுப் போட்டான்!"

மதாம் க்ளாரிஸ் அதற்குள் அங்கே வந்து நின்று, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருவரும் ஒருவரோடொருவர் அடிபட்டால் எனக்கு என்ன நட்டம் என்று பிரெஞ்சில் கேட்டார். பிறகு தீர்ப்பையும் சொன்னார்: பாதி இடம் பழைய மெசினுக்கு, பாதி புதியதற்கு; விலையை இருவருமே குறைக்க வேண்டும்.

லியூ தலையாட்டினார்.

"ஓம், மதாம்," என்றார் தியாகலிங்கம். பாதி என்றாலும் கடையைப் பூட்டத் தேவையில்லை.

வெளியே வரத் திரும்பியவர் நின்றார். முன்வரிசை மெசினில் இன்னும் காயாத புள்ளி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பெருவிரலால் அதை வழித்துத் துடைத்தார். லியூ பதறி வாய் திறக்குமுன், பக்கத்தில் திறந்திருந்த பெயின்ற் டப்பாவில் மோதிர விரலைத் தோய்த்து நடுவில் ஒரு பொட்டு வைத்தார். தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்.