மாமன் மடியில் உட்காரும் முன்பு

உங்கள் மாமாவுக்கு இடது காதில் மட்டும்தான் துளை உண்டு. வலது காது மூளி. அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இருவரும் சிரித்திருக்கிறீர்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். காரணத்தை யாரும் உங்களுக்கு முழுசாகச் சொன்னதில்லை. பெரியவளுக்கு இப்போது பதினாறு வயது நடக்கிறது. இனி சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுத முடியும்.

உங்கள் மாமாவுக்கு ஒரு வயதில் சித்தூரில் காது குத்தினார்கள். முதல் காதில் ஊசி போனதும் வழிந்த ரத்தம் மூன்று நாள் நிற்கவில்லை. காப்பித்தூள் வைத்துப் பார்த்தார்கள், மஞ்சள் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு சத்து அவன் உடம்பில் பிறவியிலேயே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. அடுத்த காதை அப்படியே விட்டுவிட்டார்கள். வளர வளர முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். அதனால்தான் அவன் ஓடியாடும் வேலைக்குப் போகாமல் சித்தூர் கச்சேரி வாசலில் மனு எழுத உட்கார்ந்தான்.

இவ்வளவும் தெரிந்துதான் உங்கள் அம்மாவைக் கட்டினேன். பெண்ணுக்கு ஒன்றும் இல்லையே, அந்த வீட்டுச் சீக்கு அந்த வீட்டோடு நின்றுவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பெரியவளுக்குக் காது குத்தியபோது ஒரு பொட்டு ரத்தத்தோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

சின்னவன் பிறந்தான். முதல் வருஷமே மொட்டையும் காதுகுத்தும் செய்திருக்க வேண்டும். உங்கள் அம்மா ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள். நம் வழக்கத்தில் இரட்டை வயதில் செய்யக்கூடாது. மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது, அதையும் விட்டால் ஐந்தாவது வருஷம்தான். எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. திருமலையில் மொட்டை, கீழே திருப்பதியில் காதுகுத்து என்று முடிவு செய்து, வெற்றிலை பாக்குடன் மாமாவை அழைக்கச் சித்தூருக்குப் போனேன். இரண்டுக்கும் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும்.

அவன் தட்டைத் தொடவில்லை.

"சீர் எம்மாம் வேணுமோ கொண்டாரேன் மாமா. மடி மட்டும் தரமாட்டேன்."

"இன்னாடா மச்சான், கிராக்கி பண்றியா?"

"கிராக்கி இல்ல மாமா. எம் மடியில ஒக்காந்து அவன் ரத்தம் நிக்காம போச்சின்னா, அப்புறம் எங்க அக்கா மூஞ்சிய நான் எப்டி பாப்பேன்? மொதல்ல வேலூர்ல ரத்தத்த பாருங்க."

நகரிக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னேன். உங்கள் பெரியப்பா கையிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

"டேய், புத்தி இருக்கா ஒனக்கு? அது பொண்ணு எடுத்த வூட்டு ரத்தம். புள்ள நம்ம வூட்டு ரத்தம். அங்க இருக்கிற சீக்கு இங்க எப்டிறா வரும்? பெரியதுக்குக் காது குத்தனமே, இன்னா ஆச்சு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் உங்கள் அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அவன் தவழ்ந்துக்கினு இருக்கிறப்பவே முட்டியில நீலம் பாத்தேன். இப்பவும் வந்துக்கினுதான் இருக்குது. தம்பிக்கும் அப்டித்தான் ஆரம்பிச்சதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. ஒங்க கிட்ட சொல்ல பயமா இருந்துச்சி."

இரண்டு வருஷம் அவள் ஒருத்தியாக அந்தப் பயத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாளே கிளம்பினோம். சித்தூரில் மாமாவையும் ஏற்றிக்கொண்டு வேலூர் போய்ச் சேர்ந்தோம்.

அவனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவே சின்னவனையும் பார்த்தார். நீலத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, உங்கள் அம்மாவின் விரலைப் பிடித்து அதன்மேல் அழுத்தி வைத்தார். நான் பெரியப்பாவின் கேள்வியையே கேட்டேன்.

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"பவர்லூம் மெக்கானிக்குங்க, நகரியில."

"அப்ப ஒங்களுக்குச் சுலபமா சொல்லலாம். இந்தச் சத்தைச் செய்யிற குறிப்பு ஒரு இழையில இருக்குன்னு வெச்சுக்குங்க. பொண்ணுக்கு அந்த இழை ரெண்டு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு தாங்கிக்கும், பெரும்பாலும் வெளியில தெரியாது. ஆணுக்கு ஒத்த இழைதான். அதுவும் அம்மா குடுக்கறது."

"நான் குடுக்கறதுங்க?"

"ஆணாப் பொறக்கறதுக்கு வேற ஒண்ணு நீங்க குடுக்கறீங்க. அதுல இந்தக் குறிப்பு கிடையாது. ஒங்க வீட்டு ரத்தம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் இந்த விஷயத்துல பையனுக்கு ஒதவாது."

"அப்ப எம் பொண்ணுக்குக் காது குத்தனது?"

"அதை வெச்சு இவனுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது."

பிறகு உங்கள் அம்மா பக்கம் திரும்பினார். "ஒங்ககிட்ட ரெண்டும் நல்ல இழையாவே இருக்கலாம். ஒண்ணு பழுதா இருந்தா, பையனுக்கு எது போச்சுங்கறது பூவா தலையா மாதிரிதான். நீங்க சாப்பிட்டதாலயோ செஞ்சதாலயோ இல்ல. யார் தப்பும் இல்ல." உங்கள் அம்மா பஞ்சிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

தந்தைவழி, கோத்திரம், வம்சம் என்று வாய் கிழியப் பேசுகிறோம். ஒரு மாமனுக்கு இருக்கிறது அக்கா வழியாக மருமகனுக்கு வந்து சேரலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நானே போய் வாங்கி வருகிறேன் என்று மாமா சொல்லிவிட்டான். அந்த வாரம் நான் ரிப்பேர் பார்த்த தறி ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை. முதலாளி திட்டியதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் ஷெட் வாசலில் மாமா நின்றான். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்வை. இருபது தறி ஓடுகிற சத்தத்தில் அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பேச்சை நிறுத்திவிட்டு, தன் காது மடலை இழுத்துப் பிடித்து, இன்னொரு கை விரலால் நறுக்கென்று குத்திக் காட்டினான். சிரித்தான்.

நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

கிட்ட வந்து காகிதத்தை என் சட்டைப் பையில் செருகினான். "எல்லாம் சரியா இருக்குதாம் மாமா. நீலம் சும்மா வுழுந்து எழுந்த நீலம்தானாம். ஆசாரிக்குச் சொல்லி அனுப்புங்க."

திருமலையில் உங்கள் மாமா ஒரு காலை நீட்டியபடி உட்கார்ந்து மடி கொடுத்தான். மொட்டை ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. கீழே சத்திரத்தில் காதுகுத்து. ஆசாரி ஊசியை எடுத்ததும் நாங்கள் அத்தனை பேரும் குனிந்தோம்.

"இத்தினி தலய நீட்டினா நான் எந்தக் காத குத்தறது? தள்ளுங்கய்யா, வெளிச்சம் வரட்டும்!"

குத்தினார். சின்னவன் சத்திரமே அதிர அலறினான். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஆசாரி துடைத்தார். மறு பொட்டு வரவில்லை. அடுத்த காதிலும் அப்படியே. காகிதத்தில் படித்ததுதான் என்றாலும், கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெரியப்பா மீசையைத் தடவினார். "நான் அப்பவே சொன்னேன்ல, நம்ம வூட்டு ரத்தம்னு!"

"தப்பு பெரிய மாமா," என்றான் உங்கள் மாமா. "அது எங்க அக்கா குடுத்த நல்ல இழை."

சின்னவனுக்கு இந்த வியாதி இல்லை. அவன் பிள்ளைகளுக்கு அவன் வழியாக வரவும் வராது. பெரியவளே, உன் விஷயம்தான் இன்னும் தெரியவில்லை. உனக்குப் பழுதான இழை ஒன்று வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இப்போது அந்தக் குறிப்பையே ரத்தத்திலிருந்து படித்துப் பார்க்கிற முறை வந்துகொண்டிருக்கிறதாம், மாமா விசாரித்து வைத்திருக்கிறான். உன் கல்யாணப் பேச்சு வருவதற்குள் போய்ப் பார்த்துவிடுவோம். எது வந்தாலும் அது உன் குறை இல்லை. உன் அம்மாவைப் போல நீ தனியாகப் பயந்துகொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் திருப்பதி ஸ்டேஷனில் நகரி வண்டிக்காகக் காத்திருந்தோம். அதுவரை வெளியே போனால் உங்கள் அம்மா இடுப்பிலிருந்து இறக்காத பிள்ளை, மொட்டைத் தலையோடு பிளாட்பாரத்தில் ஓடினான். தடுக்கி விழுந்தான். முட்டி சிராய்த்துவிட்டது. நானும் மாமாவும் சட்டென்று எழுந்தோம். உங்கள் அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஏந்து வாடா," என்றாள், தலையைத் திருப்பாமல். "வந்து துன்னு."