இங்கிலாந்துக் கூரையும் எங்கள் கூரையும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது: பீங்கானில் ஓர் இங்கிலாந்து கிராமம். சர்ச், கல் பாலம், கூரை வீடுகள், எல்லாம் உள்ளங்கை அளவில். காலண்டர் படம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து வண்ணம் அடித்தோம். பழக்கதோஷம், முதல் சர்ச்சுக்கே கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்துவிட்டேன். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த ஊரு முந்நூறு வருஷப் பழசும்மா. கூரையப் பிரிச்சு ஓடு போடக்கூட அங்க சட்டம் வுடாது. பஸ்ஸு புடிச்சு வந்து பாத்துட்டுப் போறாங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீடும் கூரை வீடுதான், காய்ந்த கரும்புச் சோகை வேய்ந்தது. அந்த வாரம்தான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓடாவது போட்டுடுங்க, அப்பறம் தேதி குறிக்கலாம்" என்று சொல்லிப் போயிருந்தார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஓடு போட வேண்டுமானால் இருந்த ஒரே காணி நிலத்தை விற்க வேண்டும். அதை நம்பித்தான் ஐந்து பேர் சாப்பிட்டோம்.

அவர்கள் மறுபடி வந்தபோது டீத் தட்டில், டம்ளர்களுக்கு நடுவே, கம்பெனியில் விளிம்பு உடைந்து கழித்துப்போட்ட ஒரு பீங்கான் கூரை வீட்டையும் வைத்து நீட்டினேன்.

"இது என்னம்மா?" என்றார் அந்த அம்மா.

"இங்கிலாந்து வூடுங்க. அங்க இதுக்குத்தான் மவுசாம். நாங்களும் கூரையப் பிரிக்கறதா இல்லீங்க. நெலத்த வித்துத்தான் கல்யாணம்னா எனக்கு வேணாங்க."

டீ அப்படியே ஆறியது. அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அப்பா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. "திமிரு புடிச்ச பொண்ணுன்னு ஊரே பேசுது" என்று அம்மா அழுதாள். பேசட்டும் என்றேன். திமிர்தான். இனி யார் வருவார்கள் என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அந்த வருஷக் கரும்பை எங்கள் நிலத்தில் நாங்கள்தான் வெட்டினோம்.

வெட்டு முடிந்ததும் இன்னொரு வரன் வந்தது. தரகர் வாசலில் நின்றபடியே, "ஓடு எப்பப் போடப்போறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்:

"போடறதா இல்லீங்க. எங்க பொண்ணு புடிச்சிருந்தா, மாப்பிள்ளையக் கொஞ்சம் குனிஞ்சு உள்ள வரச் சொல்லுங்க."