கதவைச் சாத்திக் கேட்ட இரத்தம்

அடுத்தவர் சளியை வாங்கிப் பிழைக்கும் தொழிலில் எனக்குக் கேள்விகளுக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. பதுளையில் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, காசநோய் கண்டவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். டாக்டருக்கும் தாதிக்கும் தமிழ் வராது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. மேலிடத்து உத்தரவுக்கு ஜனங்களிடம் பதில் சொல்லித் திணறியவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் ஆள்

பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் முனியாண்டி கேட்டபோதெல்லாம் சளி கொடுத்தவர். இரத்தம் என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் காசநோய் எளிதில் பிடிக்கும், அதனால்தான் பார்க்கிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். ஊசி ஏறும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சரிங்க சேர், ஒங்களுக்குப் பாத்தாச்சுங்களா?"

பெஞ்சின் தீர்ப்பு

மறுநாளே நானும் இரத்தம் கொடுத்தேன். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு சம்மதம் கேட்கும்போது யாரிடமும் அவசரமாகப் பேசவில்லை.

அந்தரங்கமாகப் பேச வேண்டும் என்பது விதி, ஆகவே கதவைச் சாத்தினோம். வம்பே அதில்தான் வந்தது. தோட்டத்து ஆட்கள் ஒரே லொறியில் வருவார்கள். லயம் என்னும் வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பரா அறைக்காரரும் வெளியே பெஞ்சில் இருப்பார். கதவு அதிக நேரம் சாத்தியிருந்தால் பெரிய நோய் என்று பெஞ்சு தீர்மானித்துவிட்டது. ஒரு பெரியவர் தன் பசுமாட்டின் இருமலையும் என்னிடம் விசாரித்ததில் நேரம் போய்விட்டது. அவர் வெளியே வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கதவு ரொம்ப நேரமா சாத்தியிருந்துச்சுங்களே, அதான்."

திறக்கச் சொன்னவர்

மடுல்சீமைச் செல்வராணி குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். வந்த சில மாதங்களில் காசநோய். வெளிநாட்டில் வாங்கி வந்தது வேறு வியாதி என்று லயத்தில் பேச்சு. மருந்து நன்றாக வேலை செய்கிறது, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொல்லியும் மாமியார் பிள்ளையை அவரிடம் விடவில்லை.

எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்தது. சொன்னதும் செல்வராணி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"இப்ப சத்தமா சொல்லுங்க சேர். எல்லாரும் கேக்கட்டும்."

எனக்கும் ஆசைதான். ஆனால் கதவைத் திரும்பச் சாத்தினேன். "உங்களுக்குச் சத்தமாச் சொன்னா, அப்படிச் சொல்ல முடியாத ஆள் வாறப்போ நான் என்ன செய்வேன்?" என்றேன். வெளியே பெஞ்சில் இருந்த மாமியாரை மட்டும் கூப்பிடச் சொன்னார். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி உள்ளே வந்து முடிவைக் கேட்டார் மாமியார். பிள்ளையை மருமகளிடம் கொடுத்தார்.

வெளியே போனதும் என்னவாம் என்று பெஞ்சு கேட்டது. மாமியார் ஆசையாக வாயைத் திறந்தார். செல்வராணி முந்திக்கொண்டார்:

"சும்மா இருங்க அத்தை, அடுத்து உள்ள போறவங்களும் நம்ம ஆளுதான்."

அன்றிலிருந்து வெறும் தொண்டை வலிக்காரருக்கும் ஒரே அளவு நேரம் கதவைச் சாத்தினோம். மாட்டுக்கு வைத்தியம் கேட்டு வருபவர்களைச் சீக்கிரம் வெளியே அனுப்பத்தான் கடைசிவரை வழி தெரியவில்லை.